ஏரித் தண்ணீரும் மோட்டார் தண்ணீரும்: இந்திய, சீன நெல்லின் வாயுக் கணக்கு

செஞ்சிக்குத் தெற்கே பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரி, ஏரியை அடுத்து நெற்கழனிகள், எல்லாம் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்குள் இரண்டு விதமான நெல் இருக்கிறது. ஒன்று, மதகு திறந்து வரும் ஏரித் தண்ணீரில் விளைவது. மற்றது, பம்புசெட் இறைத்துக் கொட்டும் நிலத்தடி நீரில் விளைவது. ரகம் ஒன்றாக இருக்கலாம், போடும் யூரியா ஒன்றாக இருக்கலாம், அறுக்க வரும் இயந்திரம்கூட ஒன்றாகவே இருக்கலாம். அவற்றால் காற்றில் சேரும் வாயுவின் கணக்கு மட்டும் வெவ்வேறு. தானிய வேளாண்மையால் புவி சூடாவதை நாடு நாடாக ஒப்பிடும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. இந்தியாவும் சீனாவும் உலகில் மிக அதிகமாக நெல் விளைவிக்கும் இரண்டு நாடுகள் என்பதால் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அந்த ஒப்பீடு எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வயலுக்கு எப்படி வந்தது, வந்தபின் எத்தனை நாள் நின்றது என்ற இரண்டையும் கேட்காத எந்த ஒப்பீடும் அரைக்கணக்குதான் என்பது என் துணிபு.

நாற்று நட்டுச் சில வாரங்கள் ஆன கழனியில் கால் வைத்தால் குதிகாலைச் சுற்றிக் குமிழ்கள் எழும். அவற்றில் மீத்தேன் இருக்கிறது. தண்ணீர் நின்றதும் சேற்றுக்குக் காற்று போவது அடைபடுகிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் தாளையும் வேரையும் தின்று மீத்தேனை விடுகின்றன. குமிழாக வெளிவருவது சிறு பங்கே. பெரும்பங்கு நெற்பயிரின் தண்டுக்குள்ளேயே இருக்கும் காற்றறைகள் வழியாக, கண்ணுக்குத் தெரியாமல், புகைபோக்கி வழியே புகை போவதுபோல மேலே போய்விடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது சுமார் 80 மடங்கு. இதோடு இன்னொரு வாயுவும் உண்டு. போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிப் பறக்கிறது. அதன் வீரியம் நூறு ஆண்டுக் கணக்கில் 273 மடங்கு. நெல்லில் மீத்தேனும், கோதுமை, மக்காச்சோளம் போன்ற புன்செய்த் தானியங்களில் நைட்ரஸ் ஆக்சைடும் கணக்கின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் கணக்கு இந்தியாவில் முதலில் ஒரு சண்டையாகத்தான் அறிமுகமானது. 1990 வாக்கில் இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு சொன்னது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வயல்களில் அளந்ததை எடுத்து இந்தியப் பரப்பால் பெருக்கிக் கிடைத்த எண் அது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் தலைமையில் 1991-இல் நாடு முழுக்கப் பல இடங்களில் வயலிலேயே பெட்டி வைத்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதே ஆண்டு அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய அறிக்கை, உயிர் வாழ்வதற்காக விடும் வாயுவையும் சொகுசுக்காக விடும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று வாதிட்டது. ஏழை உழவன் கழனியையும் பணக்கார நாட்டுக் காரையும் ஒன்றாகப் பார்க்காதே என்ற அந்தக் குரல் நியாயமானது, இன்றும் தேவையானது. அந்தச் சண்டையில் இன்னொரு பாடமும் இருந்தது. வேறோர் ஊர் மண்ணில், வேறோர் ஊர் தண்ணீர்ப் பழக்கத்தில் அளந்த எண்ணைக் கொண்டு ஒரு நாட்டையே எடை போட்டால் விடை பத்து மடங்கு பிழைக்கக்கூடும். நாட்டுக்கு நாடு பிழைக்கும் என்றால் ஒரே நாட்டுக்குள் பஞ்சாபுக்கும் தஞ்சாவூருக்கும் செஞ்சிக்கும் ஏன் பிழைக்காது என்ற கேள்வியை நாம் அப்போது முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்றைய அதிகாரபூர்வக் கணக்குகளுக்கு வருவோம். இரு நாடுகளும் ஐ.நா. காலநிலை அமைப்புக்கு அளித்த அறிக்கைகளின்படி சீன நெல்வயல்கள் 2014-இல் சுமார் 89 லட்சம் டன் மீத்தேன் விட்டன. இந்திய நெல்வயல்கள் 2016-இல் விட்டது ஏறத்தாழ 34 லட்சம் டன். இந்தியாவில் நெல் நடும் பரப்பு 4.3 கோடி ஹெக்டேருக்கும் மேல், சீனாவில் சுமார் 3 கோடி. அதாவது ஒன்றரை மடங்கு நிலத்தில் பயிரிட்டு நாம் பாதிக்கும் குறைவாக விடுகிறோம். ஹெக்டேருக்கு வகுத்தால் சீனாவில் 300 கிலோவை ஒட்டியும் நம்மிடம் 80 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் வருகிறது. சீனாவில் ஹெக்டேருக்கு ஏழு டன் நெல் விளைகிறது, நம்மிடம் நான்கு டன். ஆகவே விளைந்த நெல்லுக்கு வகுத்தால் இடைவெளி சுருங்குகிறது, ஆனாலும் ஒரு டன் நெல்லுக்குச் சீனாவில் நாற்பது கிலோவுக்கு மேல், இந்தியாவில் இருபதை ஒட்டி என்று நம் கணக்கே இலேசாக நிற்கிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் தன் பொதுவான குணகங்களை வைத்துப் போடும் கணக்கில் இந்த இடைவெளி பெரிதும் குறைந்து, இரு நாடுகளும் கிட்டத்தட்ட அருகருகே வந்துவிடுகின்றன என்பதையும் மறைக்கக்கூடாது. எந்தக் குணகம் என்பதைப் பொறுத்தே யார் நல்லவர் என்பது மாறுகிறது.

இருந்தாலும் சீன வயல் கூடுதலாக விடுவதற்கு மண்ணோடு ஒட்டிய காரணங்கள் உண்டு. அங்கே நெல் ஏறக்குறைய முழுவதும் பாசனப் பயிர். இங்கே கிழக்கு இந்தியாவின் பெரும்பகுதி வானம் பார்த்த நெல், இடையிடையே காயும் நெல். இரண்டாவது காரணம் வைக்கோல். வயலில் தாள் எரிப்பதைச் சீனா கடுமையாகத் தடுத்து, தாளை நறுக்கி உழுது மண்ணுக்குள்ளேயே புதைப்பதை ஊக்குவித்தது. புகை குறைந்தது, மண்ணில் கரிமம் சேர்ந்தது, ஆனால் சேற்றில் புதைந்த பச்சைத் தாள் மீத்தேன் நுண்ணுயிருக்கு விருந்து. நடுவதற்குச் சற்று முன் தாளை மடக்கி உழுவதற்கும் அதையே மக்கிய எருவாக்கிப் போடுவதற்கும் மீத்தேனில் பெரிய வேறுபாடு இருப்பதாகப் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் குணகங்களே சொல்கின்றன. செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் வைக்கோல் கழனியில் தங்குவதில்லை. அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டுக் கட்டும் இயந்திரம் வந்து உருட்டிவிடுகிறது, மாட்டுக்குப் போகிறது. அந்த மாடு அசைபோட்டு விடும் மீத்தேன் நெல் கணக்கில் வராது, கால்நடைக் கணக்கில் வரும். இந்திய வேளாண்மை வாயுவில் பாதிக்கு மேல் மாடு விடுவது, நெல் ஆறில் ஒரு பங்கை ஒட்டி மட்டுமே. நெல்லின் ஒரு பகுதியை மாட்டின் பெயரில் எழுதிவிட்டு நெல் இலேசானது என்கிறோம்.

இதைவிடப் பெரிய மறைவு ஒன்று இருக்கிறது, அதுதான் பம்புசெட். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 1.2 கோடி லிட்டர். அதை நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, வீணடிப்பே இல்லாத மோட்டார் என்றால் 1,300 யூனிட் மின்சாரம் போதும். நம் ஊர்ப் பழைய மோட்டார்களின் திறன் முப்பத்தைந்து விழுக்காடு என்று கொண்டால் 3,700 யூனிட் ஆகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்றால், அந்த ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,600 கிலோ. இப்போது அதே வயலின் மீத்தேனைப் போடுவோம். தெற்காசியாவுக்கு காலநிலைக் குழு தரும் குணகம், தண்ணீர் ஓயாமல் நிற்கும் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ. நூறு நாளுக்கு 85 கிலோ, கரியமில வாயுக் கணக்கில் சுமார் 2,300 கிலோ. செஞ்சிப் பக்கம்போலக் கடினப் பாறைக்குள் துளையிட்டு நீர் எடுக்கும் ஊரில், சேற்றிலிருந்து வரும் வாயுவுக்குக் குறையாத வாயு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே போகிறது. ஏரித் தண்ணீரில் விளைந்த பக்கத்துக் கழனிக்கு இந்த இரண்டாவது செலவு கிடையாது. மதகைத் திறக்கக் கை வலிமை போதும்.

நாட்டளவில் இது சிறிய தொகை இல்லை. இந்தியாவின் நிலத்தடி நீர்ப் பாசனம் ஆண்டுக்கு 4.5 முதல் 6.2 கோடி டன் கரிமத்தைக் காற்றில் சேர்ப்பதாகவும், அது நாட்டின் மொத்தத்தில் 8 முதல் 11 விழுக்காடு என்றும் 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்றிப் பார்த்தால் 16 கோடி டன்னைத் தாண்டுகிறது. நெல் மீத்தேனை, அரசு அறிக்கையில் உள்ளபடி கரியமில வாயுவாக மாற்றினால் சுமார் 7 கோடி டன்தான். சீனாவின் நிலத்தடி நீர் இறைப்பு சுமார் 3.3 கோடி டன் கரியமில வாயு என்று 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பம்புசெட் கரும்புக்கும் வாழைக்கும் சேர்த்தே இறைக்கிறது, எல்லாவற்றையும் நெல், கோதுமை தலையில் கட்ட முடியாது. என்றாலும் பஞ்சாபின் நெல்லும் கோதுமையும், தமிழகக் கிணற்றுப் பாசன நெல்லும் இதில் பெரும்பங்கு குடிக்கின்றன என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். அறிக்கையில் இது மின்துறையின் பக்கத்தில் எழுதப்படுகிறது, வேளாண்மையின் பக்கத்தில் தென்படாது. சீனாவோடு ஒப்பிடும்போது நாம் இலேசாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் பல கழனிகளில் தண்ணீரே இல்லாதது, மீதிக் காரணம் இருக்கிற தண்ணீரை இறைத்த செலவு வேறு ஏட்டில் இருப்பது. இரண்டிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உரத்தில் நிலைமை தலைகீழ். சீனாவில் அம்மோனியா பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து தயாராகிறது, நம்மிடம் இயற்கை எரிவாயுவிலிருந்து. சீனாவில் ஒரு டன் தழைச்சத்து உரத்தைத் தயாரித்து வயலில் போட்டு முடிப்பதற்குள் 13.5 டன் கரியமில வாயுவுக்கு ஈடான வாயு வெளியேறுகிறது என்றும், ஐரோப்பாவில் அது 9.7 டன் என்றும் 2013-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே தயாரிப்புச் செலவு தொழில்துறை ஏட்டில் மறைகிறது. இங்கே மின்சாரம், அங்கே உரத் தொழிற்சாலை: ஒவ்வொரு நாடும் தன் சுமையைத் தனக்குத் தோதான இடத்தில் இறக்கிவைத்திருக்கிறது. சீனா அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரப் பயன்பாடு இனிக் கூடக்கூடாது என்று 2015-இல் திட்டம் வகுத்தார்கள். அந்த ஆண்டில் ஆறு கோடி டன்னாக இருந்த பயன்பாடு 2020-இல் ஐந்தேகால் கோடியாக இறங்கியது. 2005 முதல் 2015 வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சிறு உழவர்களோடு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விரிவாக்கப் பணியாளர்களும் வேலை செய்ததில், நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் விளைச்சல் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடி, தழைச்சத்து பதினைந்து முதல் பதினெட்டு விழுக்காடு குறைந்தது. அங்கே நடந்ததிலேயே நாம் பொறாமைப்பட வேண்டியது இது ஒன்றுதான்.

பயிர்நடுவே வயலைக் காயவிடும் பழக்கமும் சீனாவில் 1980-க்குப் பின் பரவலானது. அதனால் 1980-க்கும் 2000-க்கும் இடையே சீன நெல் மீத்தேன் சுமார் நாற்பது விழுக்காடு, ஆண்டுக்கு 50 லட்சம் டன் அளவுக்கு, குறைந்திருக்கும் என்று ஆய்வாளர் சாங்ஷெங் லீ 2002-இல் கணிப்பொறி மாதிரி கொண்டு காட்டினார். காலநிலைக்காக எவரும் அதைச் செய்யவில்லை. பலனற்ற தூர்களை அடக்கவும் விளைச்சலைக் கூட்டவும் செய்தார்கள். தமிழில் இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர்கள் சொல்வது இதைத்தான். தண்ணீர் மறைந்து மண்ணில் மயிர்வெடிப்பு விழும்போது மறுபடி பாய்ச்சுவது. வேளாண்துறை இதற்குத் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறது. திரும்பத் திரும்பக் காயவிட்டால் மீத்தேன் பாதியை ஒட்டிக் குறையும் என்பது பல நாடுகளின் அளவீடுகளில் கண்டது.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? உழவர் அறியாமை என்ற பதில் எனக்கு ஏற்புடையதல்ல. வயலைக் காயவிடுவது, அடுத்த தண்ணீர் நிச்சயம் வரும் என்று நம்புகிறவர் மட்டுமே எடுக்கக்கூடிய துணிவு. ஏரியின் கடைமடைக் கழனிக்காரர் தன் முறை வந்தபோது தண்ணீரைத் தேக்கித்தான் வைப்பார், அடுத்த முறை எப்போதென்று தெரியாதபோது வேறென்ன செய்வார்? கிணற்றுப் பாசனத்தில் தண்ணீர் அவர் கையில் இருக்கிறது, ஆனால் கரண்டு அவர் கையில் இல்லை. மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும், எப்போது நிற்கும் என்பது தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடுகிறது, வயல் வழிந்தாலும் ஓடுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதில் பாய்ச்சல் மட்டும் மிஞ்சுகிறது, அதற்கு ஆகும் வாயு சேற்றில் ஒருமுறையும் மின்நிலையத்தில் ஒருமுறையுமாக இரட்டிப்பாகிறது.

இலவச மின்சாரத்தை இதற்குக் குற்றவாளியாக்குவது எளிது. தமிழகத்தில் 1990 முதல் கிடைக்கும் அந்த உரிமை, உழவர் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பிறகு வந்தது. ஏரிகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய்கள் ஆக்கிரமிப்பில் மறைந்தபோது உழவர் தன் சொந்தக் கடனில் கிணறு வெட்டினார், ஆழ்துளை போட்டார். பொதுத் தண்ணீர் செய்யத் தவறியதைத் தனியார் செலவில் செய்தவரிடம் போய் வாயுக் கணக்குக் கேட்பது முறையல்ல. மின்மீட்டரைக் காட்டிலும் வரத்துக் கால்வாயைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

சூரிய மோட்டார் வந்தால் இந்தக் கவலையே தீரும் என்பார்கள். 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் அந்த நம்பிக்கையில்தான் பிறந்தது. புகைபோக்கிப் பக்கத்துச் செலவு தீரும், உண்மை. ஆனால் பகல் முழுக்கச் செலவில்லாமல் ஓடும் மோட்டார் பாறை இடுக்கில் இருக்கும் நீரை இன்னும் வேகமாகத் தீர்க்கும், வயலில் தண்ணீர் நிற்கும் நாளையும் குறைக்காது. இறைக்காத யூனிட்டை மின்வாரியம் விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்மையாகச் செயல்படும் இடத்தில் மட்டுமே அது பயன் தரும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு கூடும். தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, விட்டுவிட்டுப் பாய்ச்சிய சில வயல்களில் ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 33 கிலோ வரை நைட்ரஸ் ஆக்சைடைக் கண்டது. கரியமில வாயுக் கணக்கில் அது ஒன்பது டன், மேலே போட்ட மீத்தேனைப்போல நான்கு மடங்கு. இந்த எண்ணைச் சிலர் ஏற்கவில்லை, அது உச்ச அளவு, சராசரி அல்ல. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது. எங்கே அது உச்சம் தொட்டது என்பதில் விடை இருக்கிறது: மண் அளவுக்கு மீறிக் காய்ந்து, தழைச்சத்து மிதமிஞ்சி இருந்த இடங்களில். மெல்லக் காயவிட்டு, யூரியாவைப் பிரித்துப் போட்டு, ஈரம் திரும்பும் நேரம் பார்த்து இடுகிற கழனியில் அந்தக் கேடு அடங்கும். அதற்குத் தேவை, குறித்த நாளில் வரும் தண்ணீர். எப்படிச் சுற்றினாலும் வாதம் மதகுக்கே வந்து சேர்கிறது.

ஏரியை மட்டும் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. தூர் நிறைந்த ஏரிப் படுகையும் மீத்தேன் விடும். ஏரி நிறைந்த ஆண்டில் சம்பாவோடு நிற்காமல் நவரையும் நட்டால், தண்ணீர் நிற்கும் நாள் கூடும். அதனால் ஏரிப்பாசனம் என்றாலே குறைந்த வாயு என்று சொல்ல முடியாது. கொள்ளளவு மீட்கப்பட்ட ஏரி, கடைமடை வரை முறை தவறாத மடைப் பங்கீடு, மீந்த காலத்தில் கேழ்வரகோ மல்லாட்டை என்னும் நிலக்கடலையோ உளுந்தோ, இவை சேர்ந்தால்தான் கணக்கு இறங்கும்.

பனமலை ஏரி அதற்கு நல்ல சோதனைக் களம். திருவண்ணாமலைப் பக்கம் துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டிலிருந்து கிளம்பும் நந்தன் கால்வாய், வழியில் பல ஏரிகளை நிறைத்து, பனமலையில் வந்து முடிகிறது. கடைசியில் இருப்பதால் மேலே எங்கு அடைத்தாலும் முதலில் காய்வது இதுதான். தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆயக்கட்டு முழுவதும் மோட்டாருக்கு மாறும். கால்வாயைத் தூர்வாரும் செலவு நீர்வளத்துறை ஏட்டில், அதனால் மிஞ்சும் மின்சாரம் மின்வாரிய ஏட்டில், வயலின் மீத்தேன் வேளாண்மை ஏட்டில். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை. 1991-இல் தில்லி விஞ்ஞானிகள் வைத்ததுபோன்ற பெட்டிகளை ஏரித் தண்ணீர் பாயும் கழனி ஒன்றிலும், மோட்டார் தண்ணீர் பாயும் கழனி ஒன்றிலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடக்கும் கழனி ஒன்றிலும் வைத்து, கூடவே பம்புசெட்டின் யூனிட்டையும் குறித்து, சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று பட்டமும் அளக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகமும் மின்வாரியமும் சேர்ந்தால் இரண்டே ஆண்டில் முடிகிற வேலை அது. சீனாவோடு ஒப்பிட நமக்கென்று ஓர் உண்மையான எண் அப்போது கையில் இருக்கும்.